சறுக்குமரத்தில் அப்பாவுக்கு இடமில்லை

எங்கள் காலனிப் பூங்காவில் நடக்கும் எல்லா விளையாட்டுக்கும் என் மகள்தான் அம்பயர். கண்ணாமூச்சிக்கு அம்பயர் உண்டு என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆம்பூரில் எங்கள் காலனியில் உண்டு. கயிறு தாண்டுவதற்கும் உண்டு, ஓடிப் பிடிப்பதற்கும் உண்டு. பிறந்ததிலிருந்தே அவளுடைய கால்கள் இரண்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டுக்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வெளியே போனால் சக்கர நாற்காலி. பூங்கா வாசலில் ஒரு படி இருந்தது. நாற்காலியைத் தூக்கி அதைத் தாண்டினால் சக்கரம் புதைகிற மணல். அதனால் அவள் நாற்காலி வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து செய்யக்கூடிய ஒரே வேலை தீர்ப்பு வழங்குவது.

“ஐகோர்ட் ஜட்ஜுக்குக்கூட லீவு உண்டுப்பா. எனக்கு எப்போ லீவு?” என்று ஒருநாள் சாயங்காலம் கேட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

“லீவு வுட்டா இன்னா பண்ணுவ?”

“சறுக்குமரத்துல ஏறி சறுக்குவேன். நானே. நீ புடிச்சிக்காம.”

முதல் பகுதி எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் கடைசி மூன்று சொற்கள்தான் பிடிக்கவில்லை.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஆச்சரியப்பட வேண்டாம். தொழிற்சாலையில் என்னைக் கண்டாலே சிரிப்பார்கள். மேனேஜர் திட்டும்போதுகூட நடுவில் ஒரு ஜோக் சொல்லி எதற்குத் திட்டினார் என்பதே அவருக்கு மறந்துபோகும்படி செய்துவிடுவேன். வீட்டில் நான் வேறு. சமையலறையில் கரண்டி விழுந்தால் நான் பஞ்சும் டெட்டாலும் எடுத்துக்கொண்டு ஓடுவேன். பயம் வந்தால் என் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும், தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி. சாப்பாட்டு மேசையில் டம்ளர் தண்ணீரில் அலை அடித்தால் வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். “உங்கப்பா எதையோ நெனச்சிட்டாரு” என்பாள் என் மனைவி. அவள் வேலூரில் நர்ஸ். காலை ரயிலில் போய், பகல் முழுக்க நிஜமான ரத்தத்தையும் நிஜமான எலும்பு முறிவுகளையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து என் கற்பனை முறிவுகளுக்கு வைத்தியம் செய்கிறவள்.

என் வேலை ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில். பேட்டர்ன் மாஸ்டர் என்பார்கள். எங்கேயோ வெளிநாட்டில் யாரோ ஒருவர் படம் வரைந்து அனுப்புவார். அதை அட்டையில் வெட்டி, தோலில் வெட்டி, முதல் ஜோடி ஷூவாக்குவது நாங்கள். அந்த முதல் ஜோடியை ஒருவர் போட்டு நடந்து பார்க்காமல் தயாரிப்பு லைனுக்கு அனுப்ப மாட்டோம். அதில் எங்கள் அறையில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது அதை டிசைன் செய்தவன் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றால், “எப்டி கீது?” என்று ஆசையாக முகத்தைப் பார்ப்பான். போட்டுப் பார்க்கிறவர் பாவம், “சூப்பர் மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் குதிகாலில் கொப்புளத்தைத் தடவிக்கொண்டிருப்பார். அதனால் ஆள் வந்ததும் டிசைனர் வெளியே போய்விட வேண்டும். அவர் நடப்பார், படி ஏறுவார், குந்தி உட்கார்ந்து எழுவார். குறை எல்லாவற்றையும் இன்னொருவரிடம் சொல்வார்.

இந்த வழக்கத்தை நான் வீட்டில் சோறு பிசைந்துகொண்டே பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மகள் அதையெல்லாம் காதில் போட்டு வைத்திருந்தாள்.

அம்பயர் லீவு கேட்ட அடுத்த வாரம் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. தலைவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தையும் ரயில் போலவே நேரத்துக்குக் கிளப்பி நேரத்துக்கு நிறுத்துவார். பூங்காவில் சறுக்குமரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது, பிடுங்கிவிட்டுப் புதிது போடலாம் என்றார். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

“புதுசா போடறதுன்னா எல்லாப் பசங்களும் வெளையாடற மாதிரி போடலாம் சார். என் பொண்ணு மாதிரி பசங்களும் சேத்து. நானே டிசைன் பண்ணித் தர்றேன்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னா மாஸ்டர், பார்க்குக்கு லேஸ் வெச்சுத் தெச்சுடுவீங்களா?”

கூட்டம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். என் மேல் யாராவது ஜோக் அடித்தால் அதில் எனக்கும் பங்கு வேண்டும். சிரித்து முடித்த தலைவர், “செய்ங்க, செய்ங்க. நல்லதுதானே” என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். முடிந்தது. நான் பூங்கா டிசைனர்.

வெளியே வரும்போது செருப்பு மாட்டுகிற இடத்தில் இரண்டு அம்மாக்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் எங்கள் தெருவிலேயே இருப்பவர். “என் பையனுக்குச் சத்தம் ஆவாது மாஸ்டர். பசங்க கூட்டமா கத்துனா காதப் பொத்திக்குனு வூட்டுக்கு ஓடியாந்துடுவான். ஆனா தெனம் பார்க்குக்குப் போவணும்னு அழுவான். அவனுக்கும் எதனா பாருங்க.” இன்னொருவர் அடுத்த தெரு. அவர் மகளுக்குக் கண் பார்வை ரொம்ப மங்கல். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். “அவளுக்கு எது எங்க முடியுதுன்னு தெரிஞ்சா போதும். ஊஞ்சலுக்கு முன்னாடி போய் நின்னு ஒரு வாட்டி அடி வாங்கிட்டா.”

“பாத்துக்கலாம்மா, நான் இருக்கேன்” என்றேன். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பிரேக் மேல் இருந்த வலது கால் ஆடிக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவர்களுக்கு பிரேக் லைட் மினுக்கி மினுக்கி எரிந்திருக்கும். யாரோ ஹாரன் அடித்து, “இன்னா சார், டான்ஸா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பூங்கா என்றால் என்ன தெரியும் எனக்கு? அளவெடுக்கத் தெரியும். அதைச் செய்தேன். மகளின் நாற்காலி அகலம், அவள் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் எட்டும் உயரம், நாற்காலியிலிருந்து நகர்ந்து பக்கத்துத் திட்டில் உட்கார எவ்வளவு உயரம் சரிப்படும் என்பதெல்லாம். மனைவி தன் ஆஸ்பத்திரியில் கேட்டு வந்து சொன்னாள், சாய்வுப் பாதை ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளமாவது ஓட வேண்டும், இல்லையென்றால் பிள்ளையால் தானே தள்ளிக்கொண்டு ஏற முடியாது என்று. வாசல் படியை உடைத்து அப்படி ஒரு சாய்வு போட்டோம். மணலை வாரிவிட்டுச் சக்கரம் ஓடுகிற கெட்டிப் பாதை போட்டோம். சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் கீழே, எங்கள் கம்பெனியில் சோல் வெட்டிய மிச்ச ரப்பரை வாங்கிவந்து தடிமனாகப் பரப்பினோம். விழுந்தால் மெத்தை மாதிரி இருக்கும். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. யாராவது என்னை இந்த இடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகு பயம் பென்சிலை வாங்கிக்கொண்டது.

இரும்பு வேலைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், பழைய தோஸ்த். ஆனாலும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார், நானும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவேன். மரியாதை குறையாமல் சண்டை போட அது வசதி.

“ஸ்ட்ராங்கா வேணும் பாய்.”

“எருமை ஏறி ஆடினாலும் அசையாது மாஸ்டர்.”

“எருமை ஆடப் போறதில்ல பாய். என் பொண்ணு.”

“அப்போ டபுள் ஸ்ட்ராங்.” அவருக்கும் அந்தப் பிள்ளை மேல் உயிர். பயந்தவனுக்குப் பாசக்காரன் துணை. இரும்பு டன் கணக்கில் இறங்கியது.

ஊஞ்சலுக்கு நான் ஒரு சீட் செய்தேன். முதுகு சாய்ந்துகொள்ள உயரமான பலகை, அது சரி. மார்புக்கு ஒரு பெல்ட், இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, கணுக்கால்களுக்கு ஒவ்வொன்று. எல்லாம் நல்ல தடித்த தோல், ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, பித்தளைப் பக்கிள் வைத்து. தோல்காரன் பயந்தால் வேறென்ன செய்வான்? வார் வெட்டுவான். குதிரைச் சேணத்துக்கும் பல் டாக்டர் நாற்காலிக்கும் கல்யாணம் ஆகிப் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. மனைவி பார்த்துவிட்டு, “எங்க ஐசியூவிலகூட இவ்ளோ பெல்ட் கெடையாது” என்றாள்.

சத்தம் ஆகாத பையனுக்கு உள்ளே போய் உட்கார ஓர் இடம் வேண்டுமே என்று யோசித்து, டேனரியில் தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் ஒன்று பழசாகிக் கிடப்பதைப் பார்த்துவைத்தேன். ஆள் நிற்கிற உயரம், உருண்டை, உள்ளே அமைதி. வீட்டில் வந்து சொன்னதும் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதுல எத்தினி வருஷம் இன்னா கெமிக்கல் ஊறியிருக்கும்! கொழந்தைங்கள உள்ள வுடுவீங்களா? பயப்பட வேண்டிய எடத்துல ஒரு நாளாவது பயப்பட மாட்டீங்களா நீங்க?”

நியாயம். டிரம்முக்குப் பதிலாகக் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை இரண்டை வாங்கிப் படுக்கவைத்து, உள்ளே ரப்பர் ஒட்டினோம்.

எல்லாவற்றுக்கும் மேலே என் சாதனை சறுக்குமரம். அவள் நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார ஒரு திட்டு, அங்கிருந்து உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து ஏற அகலமான, தாழ்வான படிகள், மேலே மேடை, அந்தப் பக்கம் சறுக்கு. அதன் இடது பக்கத்தில், மேலிருந்து கீழ் வரைக்கும், கைப்பிடியோடு ஓர் ஆள் நடந்து இறங்க ஒரு நடைபாலம். சறுக்குமரத்துக்கு நடைபாலம்! பாய்கூடக் கேட்டார், “இது யாருக்கு மாஸ்டர்?” நான், “சேஃப்டி பாய், சேஃப்டி” என்று கேள்வியை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் மகளை அழைத்துப் போனேன். சாய்வில் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு ஏறி உள்ளே வந்தாள். பூங்காவுக்குள் அவள் சக்கரம் புதையாமல் ஓடியது அன்றுதான் முதல் தடவை. ஒரு முழு சுற்று சுற்றிவிட்டு, “சூப்பர்ப்பா” என்றாள். எனக்குக் கண் கலங்கியது. அந்தக் கலங்கிய கண்ணோடு அவளை ஊஞ்சலில் உட்காரவைத்துப் பெல்ட் போட ஆரம்பித்தேன்.

மார்புப் பெல்ட் போட்டேன். இடுப்புப் பெல்ட்டின் பக்கிள் முறுக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்து தொடைக்குப் போனேன். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு கொட்டாவி விட்டார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கழன்று பந்து விளையாடப் போய்விட்டார்கள். கணுக்காலுக்கு வரும்போது அவளும் நானும் மட்டும்தான்.

“அப்பா.”

“இரும்மா, ஒண்ணே ஒண்ணு பாக்கி.”

“இன்னாப்பா இது, பார்சல் கட்டறியா? அட்ரஸும் எழுதி ஒட்டிடு.”

சரி, ஊஞ்சல் கிடக்கட்டும் என்று எல்லாவற்றையும் அவிழ்த்து, அதற்கும் அதே நேரம் ஆகி, சறுக்குமரத்துக்குக் கூட்டிப்போனேன். படிகளில் உட்கார்ந்து ஏறினாள். நானும் கூடவே, ஒவ்வொரு படிக்கும் கையை விரித்துக்கொண்டு, கோல் கீப்பர் மாதிரி. மேலே போனதும் அவள் நடைபாலத்தைப் பார்த்தாள்.

“இது எதுக்கு?”

“யாராவது கூட வரணும்னா நடந்து வர்றதுக்கு.”

“யாராவதுன்னா?”

நான் ரப்பரைப் பார்த்தேன், வானத்தைப் பார்த்தேன். “நான்தான்.”

அவள் சறுக்கில் உட்கார்ந்தாள். நான் நடைபாலத்தில் நின்று அவள் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்தேன். மெதுவாக, மெதுவாக, மாடியிலிருந்து பீரோ இறக்குகிற மாதிரி அவளைக் கீழே கொண்டுவந்து சேர்த்தேன். வேர்த்துக் கொட்டியது. “எப்டி இருந்துச்சு?” என்று முகத்தைப் பார்த்தேன்.

“நல்லா இருந்துச்சுப்பா” என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சாம்பிள் ரூமில் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். குதிகாலில் கொப்புளம் உள்ளவர்களின் குரல் அது.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். “அப்பா, உங்க கம்பெனில ஷூ போட்டுப் பாக்கும்போது டிசைனர் எங்க இருப்பாரு?”

எனக்கு எங்கே போகிறாள் என்று புரிந்துவிட்டது. “ஷூ வேற, இது வேறம்மா.”

“எங்க இருப்பாரு?”

“…வெளிய.”

“அப்போ இன்னிக்கி நடந்தது டிரையலே இல்ல. கேன்சல்.” தண்ணீரைக் குடித்தாள். “அடுத்த ஞாயித்துக்கெழம நெஜ டிரையல். நான், அந்தத் தம்பி, அந்த அடுத்த தெருப் பொண்ணு, மத்த பசங்க. அம்மா இருக்கலாம். அம்மா டிசைனர் இல்ல. நீ வெளிய.”

டம்ளரில் அலை அடித்தது. மனைவி அந்த டம்ளரை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். “அவ சொல்றது சரிதான்” என்றாள். “நான் பாத்துக்கறேன். நீங்க இருந்தா, ஒருத்தர் விழுந்தாலும் நாலு பேர் விழுந்த சத்தம் போடுவீங்க.”

அந்த ஞாயிறு நான் பூங்காவுக்கு எதிர்ச்சாரியில் டீக்கடையில் உட்கார்த்திவைக்கப்பட்டேன். காவலுக்குப் பாய். நான் உட்கார்ந்த நேரம் பார்த்து, மினி லாரி ஒன்று வந்து பூங்காவை மறைத்துக்கொண்டு நின்றது. டிரைவரிடம் போய்க் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்ல எழுந்தேன். பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து உட்காரவைத்தார்.

“ஆண்டவன் பாத்து அனுப்பின வண்டி மாஸ்டர் அது. டீயக் குடிங்க.”

லாரிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கிளம்பியது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்.

“பாய், கத்தறாங்க!”

“வெளையாடினா கத்துவாங்க. கத்தலன்னாதான் நாம பாக்கணும்.”

அது நியாயமாகப் பட்டது. டீயை ஊதினேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் அடங்கியது. முழுக்க அடங்கியது. லாரிக்கு அந்தப் பக்கம் உலகமே இல்லாத மாதிரி.

“பாய், கத்தல!”

பாய் முகம் மாறியது. அவர் சொன்னது அவருக்கே திரும்பி வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், பெஞ்சு தூக்கிக்கொண்டது, அந்த முனையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தரைக்குப் போனார். அவரைத் தூக்கி, துடைத்து, மன்னிப்புக் கேட்டு, அவருக்கும் ஒரு டீ சொல்லி முடிப்பதற்குள் மறுபடி கத்தல் கேட்டது. அன்றைய தினம் பூங்காவால் கீழே விழுந்தவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் மகள் நாற்காலியில் டீக்கடைக்கே வந்து எனக்கு எதிரே நின்றாள். குறைகளைச் சொல்ல வேண்டியது இன்னொருவரிடம் என்பதால், வழக்கத்தை மீறாமல், என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துச் சொன்னாள்.

“ஊஞ்சல்ல இடுப்புப் பெல்ட் ஒண்ணு போதும் மாமா. அதுவும் பக்கிள் வேணாம், நாங்களே இழுத்து ஒட்டிக்கற மாதிரி. அந்தத் தம்பி உறைக்குள்ளயே உக்காந்து எங்களப் பாத்துக்குனே இருந்தான், வூட்டுக்கு ஓடல. ஆனா ரெண்டு பக்கமும் தொறந்து கீது, ஒரு பக்கம் மூடிட்டா காத்தும் சத்தமும் கம்மியாவும்னு அவங்கம்மா சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்கு ஊஞ்சல் எடம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரில.”

“சறுக்குமரம்?” என்றேன். வாயை அடக்க முடியவில்லை.

அவள் இப்போதும் பாயையே பார்த்தாள். “மேல நானே போய்ட்டேன் மாமா.”

“சபாஷ்!” என்றார் பாய்.

“எறங்கல. எல்லாரும் நான் சறுக்குவேன்னு பேசாம பாத்துக்குனு நின்னாங்க. நான் திரும்பிப் படிலயே வந்துட்டேன்.”

அந்த நிசப்தம் அதுதான்.

“ஏம்மா, பயமா இருந்துச்சா?” என்று பாய் கேட்டார்.

“இல்ல மாமா. சறுக்கினா அந்தாண்டப் போய் எறங்குவேன். என் சேர் இந்தாண்ட இருக்கும். யாராவது அதத் தள்ளிக்குனு வரணும்.” இப்போதுதான் என்னைப் பார்த்தாள். “யாராவதுன்னா யாருன்னு எனக்குத் தெரியும்.”

என் ஜோக்குகள் எல்லாம் அன்றைக்கு லீவு. பாயும் நானும் அங்கேயே குந்தினோம். செங்கல் துண்டால் தரையில் கோடு போட்டோம். அவள் எங்கே ஏறுகிறாளோ அங்கேயே வந்து இறங்க வேண்டும். மேடைக்குப் போனதும் சறுக்கு அந்தப் பக்கம் ஓடாமல், திரும்பிப் படிகளுக்குப் பக்கத்திலேயே இறங்கி வந்தால்? படியும் சறுக்கும் பக்கம் பக்கமாக. இறங்கி வந்தால் கை நீட்டும் தூரத்தில் நாற்காலி.

“அப்டின்னா சறுக்கு இடது பக்கமா திரும்பி வரணும் மாஸ்டர்” என்றார் பாய். “இடது பக்கம் உங்க நடைபாலம் நிக்குது.”

“தெரியுது பாய்.”

“அத எடுக்கணும்.”

“தெரியுது பாய்.”

மறுநாள் அவர் கட்டிங் மெஷினோடு வந்து நடைபாலத்தை அறுத்தெடுத்தார், சறுக்கைப் படிகள் பக்கம் திருப்பிப் பொருத்தினார். நான் வேலைக்குப் போய்விட்டேன், பார்க்கத் தெம்பில்லை. சாம்பிள் ரூமில் அன்றைக்குச் சோல் ஷீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பார்வை மங்கிய பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு சோலுக்கும் ஒவ்வொரு வரி உண்டே. மேனேஜரைக் கேட்டு மிச்ச ஷீட் வாங்கிவந்தேன். ஊஞ்சல் ஆடுகிற இடத்தைச் சுற்றி மலையேற்ற ஷூவின் முரட்டுப் பல், சறுக்குமரத்துக்குப் போகிற பாதையில் மெல்லிய அலை வரி. மேலே பளீர் மஞ்சள் பட்டை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை நடந்தாள். மூன்றாம் தடவை முரட்டுப் பல்லில் கால் பட்டதும் தானாக நின்று, “இதுக்கு மேல ஊஞ்சல்” என்றாள். அவள் அம்மா எனக்கு வீட்டிலிருந்து மக்கன் பேடா கொண்டுவந்து கொடுத்தார். வாழ்க்கையில் எந்த ஷூவுக்கும் எனக்கு இனிப்பு வந்ததில்லை.

பூங்கா திறந்த அன்று தலைவர் ரிப்பன் கட்டியிருந்தார். வெட்டுவதற்கு முன்னால், “இதுக்கும் லேஸ் வெச்சுட்டோம் மாஸ்டர்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள். நானும் கால் எடுத்துவைத்தேன். பாய் என் தோளைத் திருப்பினார். வாசலுக்குப் பக்கத்தில், முன்பு அம்பயரின் நாற்காலி நின்ற அதே இடத்தில், பச்சை பெயிண்ட் அடித்த ஒரு இரும்புப் பெஞ்சு இருந்தது.

“உங்க நடைபாலம்தான் மாஸ்டர். அதே பைப்பு. எங்க போடணும்னு பாப்பா எடம் காட்டிச்சு.”

உட்கார்ந்தேன். பக்கத்தில் மனைவி, அந்தப் பக்கம் பாய். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது; எதுவும் எட்டவில்லை. இடம் காட்டியவள் நன்றாக அளவெடுத்திருக்கிறாள்.

மகள் திட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தினாள். நகர்ந்து உட்கார்ந்தாள். கையை ஊன்றி, உடம்பைத் தூக்கி, ஒரு படி. மறுபடி ஒரு படி. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பொடிசுகள், நடக்கத் தெரிந்தவர்கள்தான், அவளைப் பார்த்து அவர்களும் பின்பக்கமாக உட்கார்ந்தபடி ஏறினார்கள். அப்படித்தான் ஏற வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். மேடைக்குப் போனாள். சறுக்கின் வாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். வரிசை காத்திருந்தது.

நான் எழுந்தேன். எழுந்தது எனக்கே தெரியாது.

“உக்காருப்பா!” என்று மேலேயிருந்து அவள் கத்தினாள்.

உடனே வரிசையில் இருந்த அத்தனை வாண்டுகளும் திரும்பி, “உக்காருப்பா!” என்று கத்தின. ஊஞ்சலில் இருந்தவர்கள், பந்தோடு நின்றவர்கள், யார் பிள்ளை என்றே தெரியாத ஒன்று, எல்லோரும். இவ்வளவு பேருக்கு நான் எப்போது அப்பா ஆனேன்? உட்கார்ந்தேன்.

அவள் கையை எடுத்தாள்.

கொஞ்சம் கோணலாகத்தான் வந்தாள். பாதியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, முடி முகத்தை மூடியது, கீழே வந்து ரப்பரில் பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தாள். என் உயிர் அங்கேயே ஒருமுறை போய் வந்தது. முடியை ஒதுக்கிவிட்டு நாற்காலிக்குக் கை நீட்டினாள். பிரேக் போட மறந்திருக்கிறாள். கை பட்டதும் நாற்காலி நிதானமாகப் பின்னால் நகர்ந்து போனது. அவள் அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

அவள் ரப்பரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய், நாற்காலியைப் பிடித்து இழுத்து, “ஓடறியா நீ” என்று அதைத் திட்டி, பிரேக்கைப் போட்டு, திட்டில் ஏறி, அங்கிருந்து நாற்காலிக்கு மாறினாள். பிறகு சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு நேராக என்னிடம் வருவாள் என்று நினைத்தேன். கையை எல்லாம் விரித்துத் தயாராக இருந்தேன்.

அவள் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள், அடுத்த முறைக்கு.

இப்போது தினமும் சாயங்காலம் இதுதான். அவள் சறுக்குகிறாள், அந்தப் பையன் உறைக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒரு தடவை சறுக்கிவிட்டு, மறுபடி உறைக்குள் போகிறான், நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம், பாயும் வந்திருந்த ஒரு நாள், தலைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்.

“இன்னா பாய், பெஞ்சு ஆடுது? வெல்டிங் வுட்டுப்போச்சா?”

பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. எருமை ஏறினாலும் அசையாத பெஞ்சு. குனிந்து, நான்கு காலையும் தட்டிப் பார்த்தார், போல்ட்டைத் திருகிப் பார்த்தார், என்னை எழுந்திருக்கச் சொன்னார். நான் எழுந்தேன். பெஞ்சு நின்றது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். மகள் அப்போதுதான் மேடை மேல் ஏறிக்கொண்டிருந்தாள். பெஞ்சு மறுபடி ஆடியது.

பாய் என் வலது காலைப் பார்த்தார். “பெஞ்சு ஓகே சார்” என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, என் முழங்கால் மேல் தன் கையை அழுத்தி வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.